மஃப்டி

பெட்டியின் மூடியில்
இன்னும் சண்டை நடக்கிறது.
சாம்பல் மேகம், கீழே எரியும் ஏதோ ஒன்று,
இறக்கையடியில் இரண்டிரண்டாய்க் குண்டுகள்.
மூடியைத் திறந்தால்
பிளாஸ்டிக் காம்புகளில் காய்த்துத் தொங்குகிறது
அதே விமானம்,
எழுபத்திரண்டில் ஒரு பங்காய்.

இஸ்க்ரா என்று பெயர். இஸ்க்ரா என்றால் பொறி.
பயிற்சி ஜெட்தான். பையன்கள்
முதலில் இதில்தான் ஏறினார்கள்.
ஆனாலும் மூக்கில் ஒரு பீரங்கி.
பித்கோஷ்ச் பழுதுபார்க்கும் பட்டறையில்
பத்தொன்பது ஆண்டு
இதன் தோலைத் தட்டி நிமிர்த்தியவள் நான்,
பொகுமிவா, தகடு பிரிவு, இரண்டாம் ஷிஃப்ட்.

நான் செய்துகொண்டிருப்பது
மூடியில் இருப்பதை அல்ல.
ராதோமில் ஒரு பல் மருத்துவர்
ஏலத்தில் எடுத்து, மஞ்சள் அடித்து,
வாலில் எஸ்.பி. என்று தொடங்கும் எழுத்து ஒட்டி
ஞாயிறுதோறும் ஓட்டித் திரிகிறாரே,
அதை.

முதல் வேலை கழித்தல்.
குண்டு மாட்டும் கொக்கிகளுக்கென
இறக்கையில் நாலு துளை. அடைத்தேன்.
சிவப்பு வெள்ளைக் கட்ட முத்திரை,
படைப்பிரிவின் எண், ஆபத்து முக்கோணம்
எல்லாம் நீரில் நனையாமல்
தாளிலேயே தங்கிவிட்டன,
பத்திரிகை வைக்காத பங்காளிகள் போல.

தொல்லை கொடுத்தது பீரங்கி வாய்தான்.
மூக்கின் வலப்பக்கம்.
புட்டி வைத்தேன், தேய்த்தேன்.
காலையில் பார்த்தால்
சுருங்கி, உள்வாங்கி, ஒரு குழி.
மறுபடி வைத்தேன். மறுபடி குழி.
மூன்று இரவு.
உப்புத்தாள் உரசும் சத்தத்தை
எலி என்று நினைத்து
கீழ்வீட்டுக்காரர் பொறி வைத்துவிட்டார்.

மஞ்சளின் சரியான எண் கேட்டு
மருத்துவருக்கு எழுதியிருந்தேன்.
ஒரு பொட்டலம் வந்தது.
படங்கள், ஒரு பழைய நீல விளக்கு,
ஊசிக்குழலில் பல் அடைக்கும் பசை.
"இது அவ்வளவாகச் சுருங்காது.
ஊரார் வாயில் துளை அடைத்தே
இந்த விமானத்தை வாங்கினேன்.
கோர்தியான்."

வைத்தேன். விளக்கைக் காட்டினேன்.
இருபது நொடி.
நாக்கால் தடவினாலும் தெரியாது.
மஞ்சள், மெல்லிசாய் மூன்று பூச்சு.
என் மேசையில் முதல்முறையாக
யாரையும் சுடாத ஒன்று.

பொட்டலத்தின் அடியில்
இன்னொரு படம் இருந்ததை
அப்புறம்தான் பார்த்தேன்.
சாயங்காலம். சாய்ந்த வெயில்.
மூக்கின் வலப்பக்கத்தில், மஞ்சளுக்கு அடியில்
வட்டமாய் ஒரு தழும்பு.
சுற்றிலும் பன்னிரண்டு ரிவெட்.

அந்தத் தகடு நான் வெட்டியது.
பட்டாளம் விற்கத் தொடங்கிய வருடம் அது.
ஓர் அதிகாரி தாளோடு நின்றிருந்தார்.
ஆயுதம் நீக்கப்பட்டது என்று
அச்சடித்து வந்திருந்தது,
நான் இன்னும் நீக்கி முடிக்கவில்லை.
பதினோராவது ரிவெட் கொஞ்சம் சாய்ந்தது.
ஷிஃப்ட் முடியும் நேரம்.
அவர் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.
அதற்குப் பின் ஒருவரும் பார்க்கவில்லை.
படத்தில் சாய்ந்தே இருக்கிறது.

எழுபத்திரண்டால் வகுத்தால்
அந்தத் தகடு கடுகளவு.
ஊசியை எடுத்தேன்.
மூன்று இரவு மல்லுக்கட்டி
வழவழப்பாக்கிய இடத்தில்
மூச்சைப் பிடித்து ஒரு வட்டம் கீறினேன்.
பன்னிரண்டு புள்ளிக்கு இடமில்லை.
ஒன்றே ஒன்று வைத்தேன்,
சாய்ந்ததை.

நாலு குண்டுகள்
இன்னும் காம்பில் தொங்கிக்கொண்டிருந்தன.
எங்கள் தெருவில்
பிளாஸ்டிக்குக்கு மஞ்சள் தொட்டி.
செவ்வாய்க்கிழமை வண்டி வரும்.